திரும்பி நடந்த எட்டுப் படங்கள்

எனக்கு ஓய்வு விருந்து வைத்தார்கள். முதலாளி எழுந்து பேசினார். "அந்தக் காலத்திலேயே அசையும் படம் வரைய இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் சவரி மயங்கவில்லை. குழந்தைகளின் புத்தகமே போதும் என்று வந்துவிட்டார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வாயில் கேசரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கதையை ஊரில் உலவவிட்டவனே நான்தான்.

விருந்து முடிந்ததும் கலைச்செல்வி வந்தாள். ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்து பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவள். சிங்கப்பூரில் கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது.

"சார், நீங்க ரெண்டையும் பாத்தவரு. புத்தகத்துலயே இருக்கவா, அங்க போகவா? மண்டையே வெடிச்சிரும் போல இருக்கு லா."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"இன்னொண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. உங்க படத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க, இல்லன்னா நிக்கிறாங்க. ஒருத்தர்கூட நடக்க மாட்றாங்களே, ஏன் சார்?"

"எனக்கு முட்டி வலி. என் ஆளுங்களுக்கும் அதே வலி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்ல பெண். முப்பது வருடமாக யாரும் கவனிக்காததைக் கவனித்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் நான் ஜொகூர் பாருவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. சித்திரம் யாரும் சொல்லித்தரவில்லை. நகைக்கடைக்கு மயில், துணிக்கடைக்குத் தாமரை என்று போட்டுப் போட்டுக் கை பழகிக்கொண்டது. சண்டை வந்தது, கடைகள் மூடின, பலகைக்கு வேலை இல்லை. ஜப்பான் பிரச்சார ஆபீசில் படம் போட ஆள் எடுக்கிறார்கள், அரிசி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நேரம். அரிசி என்றதும் கால் தானாகப் போய்விட்டது.

ஆபீஸ் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது. ஒரு கோடியில் தெரேசா டீச்சர் உட்கார்ந்திருப்பார். கான்வெண்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், முப்பது வயதுதான் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்புப் புத்தகம் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். மறுகோடியில் ஹயாமா என்ற ஜப்பானியர். அவர் தோக்கியோவில் அசையும் சித்திரப்படம் எடுத்தவர். இரண்டு பேருக்கும் ஒரு கை தேவைப்பட்டது. "ரெண்டு நாள் அங்கே, ரெண்டு நாள் இங்கே இரு. பிறகு நீயே சொல்" என்று உடைந்த மலாயில் ஹயாமா சொன்னார்.

டீச்சர் மேசையில் முதல் நாள் நண்டு போட்டேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நண்டுக்கு எத்தனை காலு தம்பி?"

"ஆறு இருக்கும் டீச்சர்."

"இருக்குமா? பாசாருக்குப் போயி எண்ணிட்டு வா. புள்ளைங்க எண்ணும். நாம பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த பக்கத்தையும் நம்பாது."

மீன் சந்தைக்குப் போய் எண்ணினேன். கொடுக்கோடு சேர்த்துப் பத்து. திரும்பி வந்து போட்டேன். பிறகு குடம், மாம்பழம், ஏணி. இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஹயாமாவின் மேசையில் நடுவே கண்ணாடி, அதன் கீழே விளக்கு. எட்டு மெல்லிய தாள்களை என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன், கொஞ்சம் கொஞ்சம் மாறி. ஓரத்தை விரலால் பிடித்து விசிறச் சொன்னார். விசிறினேன். அந்த மனிதன் நடந்தான். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

டீச்சரிடம் சொல்லப் போனேன். அவர் தலை நிமிரவில்லை. "போ, போ. ஆனா என்ன படம்னு கேட்டுக்கிட்டுப் போ" என்றார். நான் கேட்கவில்லை. படம் எப்படி அசைகிறது என்று நூறு கேள்வி கேட்டேன். எதற்காக அசைகிறது என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஹயாமா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. வெளியே தெருவில் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைக்கத் தவறினால் கன்னத்தில் அறை விழும். உள்ளே இவர், பென்சிலைத் தொடும் முன் ஈரத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொள்வார். வரைவதற்கு முன் என்னை நடக்கச் சொல்வார். "ஜாலான்" என்பார். நான் மண்டபத்தின் நீளத்துக்கு நடப்பேன். பின்னாலேயே அவர் என்னைப் போலவே நடந்து வருவார். எந்தக் கால் ஊன்றும்போது எந்தத் தோள் இறங்குகிறது என்று அப்படித்தான் காட்டிக்கொடுத்தார்.

முதலில் ஒன்றாம் படமும் ஐந்தாம் படமும் போட வேண்டும். நடுவில் உள்ளவை பிறகு. எட்டு படம் முடிந்தால் ஒரு நடை. அதையே திரும்பத் திரும்ப வைத்தால் ஆள் மைல் கணக்கில் நடப்பான். தாளில் போட்டதை ஒளி ஊடுருவும் தகட்டில் மையால் நகல் எடுத்து, கேமராவுக்குக் கீழே வைத்துப் பிடிக்க வேண்டும். தகடு எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியிலிருந்து பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கி, சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்போம். சிலவற்றில் எத்தனை தேய்த்தாலும் யாரோ ஒருவருடைய விலா எலும்பு மங்கலாகத் தெரியும். அதன்மேல்தான் சிரிக்கிற ஆட்களை வரைந்தோம்.

படம் என்ன என்று மூன்றாம் வாரம் தெரிந்தது. சயாமில் ரயில் பாதை போட ரப்பர் தோட்டத்து ஆட்கள் வேண்டும். மூன்று மாத வேலை, கூலி, அரிசி, துணி. ஒரு தோட்டத்து ஆள் உற்சாகமாக நடந்து போய் ரயில் ஏறுகிறான். அவ்வளவுதான் கதை, மூன்று நிமிடம்.

"இவன் டவுன் ஆள் மாதிரி நடக்கிறான். தோட்டத்து ஆளைப் பார்த்து வரைந்துகொண்டு வா" என்றார் ஹயாமா.

நான் பிறந்தது மாசாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா அங்கேதான் இருந்தார். பக்கத்து வீட்டில் ஆரோக்கியம் அண்ணன், மரியாயி அண்ணி, அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அண்ணன் பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு வலது தோளில் சுமந்து சுமந்து, சும்மா நடக்கும்போதும் அந்தத் தோள் சற்று இறங்கியே இருக்கும். இடது கை மட்டும் துடுப்புப் போல வீசும். கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போதுகூட அப்படித்தான் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தோட்டத்துச் சாலையில் நடக்கவிட்டு வரைந்தேன்.

"எதுக்குடா தம்பி என்னைய இந்த வாங்கு வாங்குற?" என்றார்.

"பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அண்ணே." படம் செய்கிறவன் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. எனக்கு வாயில் வந்த பொய் அது.

"கேட்டியாடி? நான் பொஸ்தகத்துல வரப்போறேன்!" என்று அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வாசலில் நின்று சிரித்தார். "குரங்குப் படம் இல்லாத பொஸ்தகமா? கண்டிப்பா வேணும்தானே" என்றார்.

படத்தை ஷோனானுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினோம். சிங்கப்பூருக்கு அப்போது அதுதான் பெயர். முதல் தடவை ஒரு தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களை வரிசை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற அந்த இடத்தில், பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணி கட்டி ஓட்டினோம். சனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் பெயர் கொடுக்கச் சொன்னபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"ஏறுனான், சரி. எறங்குனானா?"

களம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. என் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்களே என்ற எரிச்சல். கவனியுங்கள், எனக்கு அன்றைக்கு வந்த உணர்ச்சி அது ஒன்றுதான்.

மறுநாள் ஹயாமா என்னைக் கேட்டார். "ஏன் யாரும் வரவில்லை?" நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இருட்டு போதவில்லை என்றிருக்கலாம், தெரியாது என்று தோளைக் குலுக்கியிருக்கலாம். நான் சொன்னேன்: "அவன் திரும்பி வருவது படத்தில் இல்லை. அதைக் காட்டினால் வருவார்கள்."

"ஃபிலிம் கொஞ்சம்தான் இருக்கிறது. புதிதாக வரைய நேரம் இல்லை" என்றார்.

"புதிதாக வரைய வேண்டாம். அந்த எட்டுத் தாளையும் புரட்டிப் போட்டு, கண்ணாடி மேல் வைத்துப் பின்பக்கமாக நகல் எடுத்தால் போதும். அப்படியே திரும்பி நடப்பான். தோளில் ஒரு அரிசி மூட்டை வைத்துவிடுகிறேன்."

ஹயாமா கையிலிருந்த ஈரத்துணியை மடித்து வைத்தார். "போவதை வரையச் சொல்லி எனக்கு உத்தரவு. வருவதை வரைய யாருக்கும் உத்தரவு இல்லை. நீ வரைகிறாயா?" என்று கேட்டார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது என் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறார் என்றுதான் பட்டது. "வரைகிறேன்" என்றேன்.

இரண்டு நாளில் முடித்தேன். இரண்டாம் நாள் தெரேசா டீச்சர் என் மேசைக்கு வந்து, தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரு தங்காக்குல துணிக்கடையில இருந்தவரு. முதல் ரயில்ல போனாரு. மூணு மாசம்னாங்க, ஆறு மாசம் ஆச்சு. ஒரு கடுதாசி இல்ல. அவரோட போனவங்க ஒருத்தரும் வரல. தெரிஞ்சுக்க."

"கடுதாசி போக்குவரத்து சரியில்ல டீச்சர்."

"நண்டுக்குக் காலு எண்ணப் போனியே. இதுக்குப் போயி எண்ணிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எண்ணப் போகவில்லை. மையைத் தொட்டு மேலே வரைந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

அடுத்த வாரம் வண்டி மாசாய்ப் பக்கம் போனது. என் தோட்டம், எங்கள் பெரட்டுக் களம். துணி கட்டவும் மெஷினைப் பார்த்துக்கொள்ளவும் ஹயாமாவோடு நான் போயிருந்தேன். படம் தொடங்கி அந்த ஆள் நடந்ததுமே யாரோ கத்தினார்கள். "டேய், நம்ம ஆரோக்கியம்டா!" ஒரே கூச்சல், விசில். அண்ணன் நடுவில் உட்கார்ந்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் ரயில் ஏறினார். சட்டென்று சத்தம் அடங்கியது. பிறகு ரயில் நின்று, மூட்டையோடு இறங்கி, திரும்பி நடந்து வந்தார். வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"தோள் மாறிப்போச்சே!" என்று கத்தினார் தண்டல். அவர் வெட்டுக்காட்டில் ஆட்களை மேய்க்கிறவர், அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. "போறப்ப வலது தோளு சாஞ்சிருந்துச்சு. வர்றப்ப இடது சாயுது பாரு!"

தாளைப் புரட்டினால் தோளும் புரளும். இதை நான் யோசிக்கவே இல்லை. காண்டா சுமக்கிறவன் செத்தாலும் தோள் மாற்ற மாட்டான். களம் முழுக்க பால்மரம் வெட்டுகிறவர்கள். படம் பொய் என்று அந்த ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மரியாயி அண்ணிதான் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே சொன்னார். "மூணு மாசம் மண்ணு சொமந்துருக்காரு. வலது தோளு வலிச்சிருக்கும், அதான் மாத்திக்கிட்டாரு."

"அதானே" என்றார்கள் நாலு பேர். தண்டலும் தலையாட்டினார். என் தப்பை அண்ணி தன் கையாலேயே சரிசெய்து கொடுத்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. சந்தோஷப்பட்டேன். எழுதவே கை கூசுகிறது.

துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார்.

"பொஸ்தகம்னியேடா?"

"வெளிய சொல்லக்கூடாதுண்ணே. உத்தரவு."

"நான் எதுக்குச் சொல்றேன்." தோளைத் தடவிக்கொண்டார். "பாப்பாவுக்கு ஒடம்பு வத்திப்போச்சு, பாத்தியா? கெழங்கு எறங்க மாட்டேங்குது. அரிசி குடுத்தாத் தேவலை. மத்தவன் சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு. திரும்பி வர்றது நெசந்தானா?"

என் முன்னால் நின்றது ஒரே ஒரு ஆள். "போகாதீங்க அண்ணே" என்ற இரண்டு வார்த்தை போதும். என்னைக் காட்டிக்கொடுக்கிறவர் அல்ல அவர். பத்தடி தள்ளி நின்ற ஹயாமாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் போகாதீங்க என்று சொன்னால் படம் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்குத்தான் என் படம் ஜெயித்திருந்தது.

"நெசந்தாண்ணே. மூணு மாசம்தான்" என்றேன்.

அன்று ராத்திரியே பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். அண்ணன்தான் முதல் ஆள். நான்கு நாள் கழித்து லாரி வந்தது. நான் வழியனுப்பப் போகவில்லை, மண்டபத்தில் எக்ஸ்ரே தகடு தேய்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது அண்ணன் என்னைக் கேட்டாராம். அம்மா சொன்னார்.

மூன்று மாதம் ஆனது, ஐந்து மாதம் ஆனது. ஒருவரும் வரவில்லை. நான் ஹயாமாவிடம் போய்க் கண் மங்குகிறது, புத்தக மேசைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. தெரேசா டீச்சரும் கேட்கவில்லை, நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். குழந்தைகளின் புத்தகத்துக்கு நான் வந்த கதை இதுதான். மயங்காமல் வந்தவன் அல்ல, ஓடி வந்து ஒளிந்துகொண்டவன்.

என்னைச் சமாதானப்படுத்தியவர்கள் உண்டு. பிறகு படமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள், ஆரோக்கியத்தையும் எப்படியும் கொண்டுபோயிருப்பார்கள் என்றார்கள். இருக்கலாம். அப்படிக் கொண்டுபோயிருந்தால் அது அவர்கள் கணக்கு. அண்ணன் போனது என்னைக் கேட்டுவிட்டு.

கலைச்செல்வி, நீ சிங்கப்பூருக்குப் போ. படம் அசைவதில் பாவம் ஒன்றும் இல்லை. நின்ற படத்திலும் பொய் சொல்லலாம், நானே முப்பது வருடம் நின்ற படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார். இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது.

ஜப்பான்காரன் தோற்றதும் ஆபீஸ் தாள், படச்சுருள் எல்லாவற்றையும் மண்டபத்துக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள். எங்கள் தோட்டத்துப் பதினாறு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டதாக அவர்கள்தான் சொன்னார்கள்.

அம்மாவைப் பார்க்கப் போனபோது ஒரு நாள் மரியாயி அண்ணி கூப்பிட்டார். உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி போட்டார். பிள்ளை மூலையில் விளையாடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். படம் செய்தவன் யார் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. புத்தகத்துக்கு நான் வரைந்ததைப் பார்த்து ஆபீசில் வேறு எவனோ செய்த படம், நான் துணி கட்ட வந்தவன் என்றே அண்ணி நினைத்திருந்தார்.

"தம்பி, நீ டவுன்ல அந்த ஆபீஸ்லதானே பொஸ்தகம் போட்ட. அந்தப் படம் எங்கயாவது இருக்குமா? அவரு வர்ற எடம் மட்டும் ஒரு தடவை பாக்கணும். புள்ளைக்கும் காட்டணும், அதுக்கு அப்பன் மொகம் தெரியாது."

"எரிச்சிட்டாங்க அண்ணி."

அண்ணி அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு கேட்டார்.

"யாரு செஞ்ச படம் அது? உனக்குத் தெரியுமா?"

நான் இந்த வரியை எழுத எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "தெரியாது அண்ணி. ஜப்பான்காரன் எவனாவது இருக்கும்" என்றேன்.

"எவனா இருந்தா என்ன. அவரை ஏத்திவிட்டவன் எத்தனையோ பேரு. எறக்கி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டவன் அவன் ஒருத்தன்தான். அவன் நல்லா இருக்கணும், தம்பி. தினமும் செபத்துல அவனையும் சொல்றேன்."

நான் தலையாட்டிவிட்டு, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.